எறும்பு இருந்த இஞ்சி சோடா

என் மாமனாருக்குத் தொழிலே குறை கண்டுபிடிப்பது. சும்மா சொல்லவில்லை, சம்பளமே அதற்குத்தான் வாங்கினார். உள்ளூர் சோடாக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, மூடி போட்டு வரும் பாட்டில்களில் தூசி துரும்பு இருந்தால் எடுத்து ஒதுக்குவார். அவர் கண்ணைத் தாண்டித்தான் எந்தப் பாட்டிலும் வண்டி ஏறும். கம்பெனியை மூடி எத்தனையோ வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் கழுவி வைத்த டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்; ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி தொட்டியில் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பொழுதுபோக்காகச் சேர்ப்பதும் அதே கம்பெனியின் பழைய பாட்டில்கள்தான். "கம்பெனிய மூடியும் இதுங்க மூஞ்சிலயே முழிக்கணுமா" என்பார். ஆரஞ்சு, எலுமிச்சை, திராட்சை எல்லாம் என்னிடம் இருக்கின்றன, பாட்டில் கழுத்துக்குக் கீழே மெஷின் உரசிய வெள்ளைத் தழும்போடு. இஞ்சி சோடா மட்டும் ஆறு வருடமாகக் கண்ணாமூச்சி காட்டியது.

போன மாதம் பழைய பேப்பர் கடையில் அது சிக்கியது. அதுவும் மூடி திறக்காமல், சோடாவோடு. வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால், அடியில் ஒரு கட்டெறும்பு ஆற அமரப் படுத்திருக்கிறது. பாட்டில் சேர்ப்பவர்களிடம் கம்பெனி செய்த தப்புக்குத்தான் மவுசு அதிகம். எனக்கோ மவுசெல்லாம் அப்புறம். நேராகக் கொண்டுபோய் மாமனார் எதிரில் வைத்தேன்.

தூக்கினார். ஜன்னல் பக்கம் திருப்பினார். முகம் சுண்டிப்போனது.

"உங்க கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் வெளிய போனதில்லன்னு சொல்வீங்களே மாமா," என்றேன். "ஞாயித்துக்கெழம பாட்டில் சேக்கறவங்க எல்லாரும் வர்றாங்க. நடு அலமாரில இதத்தான் வைக்கப்போறேன்."

"அதெல்லாம் வேணாம்மா. உள்ள வச்சிரு."

கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர். அந்த வேலையில் அவர் சம்பாதித்த பெருமை, ஒரு பாட்டிலும் கண்ணுக்குத் தப்பியதில்லை என்பது ஒன்றுதான். தெரிந்தும் நான் விடவில்லை.

"யாரு செக் பண்ணாங்கன்னு கேப்பாங்களே மாமா."

"அன்னைக்கு நான் லீவா இருந்திருப்பேன்."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்தார்.

"லீவா? என்னோட மூணு பிரசவத்துக்கும் ஒரு நாள் லீவு கெடைக்கலன்னீங்க. அப்ப லீவு போட்டுட்டு எங்க போனீங்க?"

மாமனார் பாட்டிலைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். எறும்பே தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"லீவெல்லாம் ஒரு நாளும் போடல," என்றார் மெதுவாக. "நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

இதைக் கேட்கத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் மாமியார் இன்னும் முடிக்கவில்லை.

"என் பக்கத்துல இல்லாம அங்கயே போய் உக்காந்தீங்களே. அந்த வேலையையாவது ஒழுங்கா பாத்திருக்கலாம்."

மாமனார் பாட்டிலைக் கீழே வைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது. பாட்டிலை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் இஞ்சி சோடாவைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே கண் பீரோ பக்கம் போனது.