ஐந்துக்குக் கீழே

எங்கள் வீட்டுக்காரர் ஜபருல்லா கிராணி ஆனதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. துறைமுகத்துக் கிடங்கில், தொங்கான் படகிலிருந்து இறங்கும் அரிசி மூட்டைகளைக் கணக்கெடுக்கிற வேலை. அதற்காகச் சாயங்கால வகுப்புக்குப் போய் இங்கிலீஷ் கணக்கு படித்தார். படித்ததைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு வரக்கூடாதா? வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஆசியா, பத்தாம் ஸ்தானத்துல நிக்கிறதுதான் கணக்கு. ஒண்ணாம் ஸ்தானம் வெறும் சில்லறை. அங்க அஞ்சோ அதுக்கு மேலயோ இருந்தா பத்தாக்கிடு. அஞ்சுக்குக் கீழயா, தள்ளிடு. முப்பத்தேழு மூட்டைன்னா நாப்பது, முப்பத்திரண்டுன்னா முப்பது. துரை கேட்டா டக்குனு சொல்லலாம்.”

“தள்ளினா குறையாதா?”

“ஏறுறதும் இறங்குறதும் சரியாப் போயிடும்லா.”

நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். என் புருஷனுக்கு எவ்வளவு மூளை என்று பக்கத்து வீட்டிலெல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்த வாயில் மண்ணைப் போட.

எங்கள் மகள் சலேஹாவுக்கு நிக்காஹ் வந்தது. விருந்துச் சமையல் பொறுப்பு பண்டாரி ஷேக் அலாவுதீனுக்கு. எங்களில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடுவதுதான் வழக்கம். அந்தப் பெரிய தட்டு எத்தனை வேண்டும் என்பதை வைத்துத்தான் பண்டாரி அரிசியே அளப்பார்.

“எந்த வீட்டுல எத்தனை பேருன்னு சொல்லுங்கண்ணே, சஹன் கணக்கை நான் பார்த்துக்கறேன்” என்றார் அவர்.

“அதெல்லாம் நான் போட்டாச்சு. மொத்தம் நூத்தி இருபது பேரு. போதும், போ” என்றார் எங்கள் கிராணி. பண்டாரி தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

விருந்தன்று விடியும் முன்பே ஹபீபா மதினி வந்துவிட்டார். அவர் எங்கள் வீட்டுக்காரரின் அக்கா. போன நோன்புக்கு முன்னால்தான் புருஷன் மௌத்தாகி, மூன்று பெண் பிள்ளைகளோடு நிற்கிறார். வந்ததிலிருந்து வெங்காயம் உரிப்பதும், பெண்கள் பந்திக்குச் சஹன் சுமப்பதுமாக ஓய்வே இல்லை. “நீங்க உட்காருங்க மதினி” என்று நான் சொன்னபோதெல்லாம், “நம்ம வீட்டுக் கல்யாணம், நான் கடைசில சாப்பிடுறேன்லா” என்று சிரித்தார்.

கடைசிப் பந்தி உட்கார்ந்தது. மதினியும் மூன்று பிள்ளைகளும் வட்டமாக உட்கார, நானே செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கை கழுவ வைத்தேன். சஹன் வரவில்லை. பந்தியில் பாதிப் பேருக்கு வரவில்லை. பிள்ளைகள் ஈரக்கையை மடியில் படாமல் நீட்டிக்கொண்டு வாசலையே பார்த்தார்கள்.

திரைத்துணிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் இருந்த இடத்தில், எங்கள் வீட்டுக்காரரின் குரல் எழும்பியது.

“சட்டி எப்படிக் காலியாச்சு? அரிசியை எந்தக் கடையில வித்த?”

அடப்பாவி மனுஷா என்று நான் பதறினேன். சம்பந்தி வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

“வல்லாஹி, நீங்க சொன்னதுக்கு மேலேயே ஆக்கினேன்” என்றார் அலாவுதீன். “எல்லார் முன்னாலயும் திருடன்னு சொல்லிட்டீங்க. இனி யார் என்னைச் சமைக்கக் கூப்பிடுவா? எல்லார் முன்னாலயும் அந்தக் கணக்கையும் சொல்லிடுங்க.”

“சொல்றேன், எனக்கென்ன பயம்?” என்று எங்கள் கிராணி ஆரம்பித்தார். “கடை முகம்மது வீடு பதினாலு, அது பத்து. அப்துல் ஹமீது வீடு பன்னெண்டு, அது பத்து. ஹனீபா வீடு பதிமூணு, அது பத்து...”

யாரோ சிரித்தார்கள். எங்கள் சொந்தத்தில் எல்லா வீடும் அப்படித்தான். பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு. எல்லாம் இறங்குகிறது, ஏறுகிற வீடு ஒன்றுகூட இல்லை. அது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், குரல் தணிந்துகொண்டே வந்தது.

“அக்கா வீடு... நாலு.”

அதோடு நின்றுவிட்டார்.

“நாலுன்னா?” என்றார் பண்டாரி.

“தள்ளிட்டேன்.”

“தள்ளினா எவ்வளவுண்ணே?”

“சைபர்.”

திரைக்கு இந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அந்த மூளையைத்தானே ஊரெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்தேன்! மதினியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த செம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதினி எழுந்து திரையருகே போனார். கோபமே இல்லாமல், பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“தம்பி, இதுங்க அத்தா உயிரோட இருந்திருந்தா நாங்க அஞ்சு பேரு. அப்போ எங்களைப் பத்துன்னு போட்டிருப்ப, இல்ல?”



மதினி திரும்பி வந்து, மூன்று பிள்ளைகளின் ஈரக்கைகளையும் தன் முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். “வாங்கம்மா, வீட்டுல கஞ்சி இருக்கு” என்றார்.