அண்டாவுக்கு ரிப்பன்

எனக்குக் கோபம் வரும்னு தெரிஞ்சுதான் எங்க தெருச் சங்கச் செயலாளர் அன்னைக்கு என்னை அடுப்படியை விட்டு வெளிய வராதீங்கன்னு சொன்னார். "நீங்க வாயைத் திறந்தா காரியமே கெட்டுடும்மா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுக்கிட்டே குழி பறிக்கிற ஆளு அவர்.

நான் இஸ்திரிக் கடை வச்சிருக்கேன். பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்க என் கடைக்கு எதிர்க் குழாயில வயிறு முட்டத் தண்ணி குடிக்கும். ஓடி ஆடிட்டு வருதுங்க, தாகமா இருக்கும்னுதான் நினைச்சேன். தினமும் அதே பிள்ளைங்க, அதே குடி. அப்புறம்தான் மண்டையில உறைச்சுது. மத்தியானம் எதையோ தின்ன பிள்ளைங்களுக்கு, அம்மா அப்பா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. சில வீட்டுல வந்த பிறகும் கிடையாது.

காய்கறிக்கடைத் தம்பிகிட்டச் சொன்னேன். "காய் என் பொறுப்புக்கா, திட்டாம வாங்கிக்க"ன்னான். தெருவுல ஆளுக்கொண்ணு கொடுத்தாங்க. சங்கக் கட்டடத்துப் பின்னறையில அடுப்பு வச்சோம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைங்க நேரா அங்க வரும். சோறு, பருப்பு, ஒரு காய், முடிஞ்ச நாள்ல ஆளுக்கு ஒரு முட்டை. சாப்பிட்டுட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துட்டு ஓடிடும். யாரும் யாருக்கும் மாலை போடல.

அது செயலாளருக்குப் பொறுக்கல. குளிர்பதனக் கிடங்கு வச்சிருக்கிற ஒரு பெரிய மனுஷரைப் பிடிச்சார். ஒரு வருஷத்துக்கு அரிசி தர்றேன்னாராம். நல்ல விஷயம், நான் வேணாம்னு சொல்வேனா? ஆனா அவர் வந்து தொடங்கி வைக்கணுமாம். எட்டு மாசமா வெந்துக்கிட்டிருக்கிற சோத்தை என்னத்தைத் தொடங்குறது? செயலாளர் ஒரு முழுநீளச் சிவப்பு ரிப்பனை வாங்கிட்டு வந்து, சோத்து அண்டாவை மூடியோட சேர்த்துக் கட்டி மேல பூ முடிச்சுப் போட்டார். பெரிய மனுஷர் அதை வெட்டி, முதல் கரண்டி அவர் கையால போடுவாராம். நானும் எத்தனையோ கூத்து பாத்திருக்கேன். சோத்துக்கு ரிப்பன் கட்டி இப்பத்தான் பாக்குறேன்.

பிள்ளைங்க வந்து வரிசையா உட்காந்துச்சு. எதிர்ல அண்டா. கட்டினா என்ன, வாசம் வராமலா இருக்கும்? சின்னதுங்க எச்சிலை முழுங்குறது அடுப்படி வரைக்கும் கேட்டுது. பெரிய மனுஷர் வரல. போன் பண்ணினா 'வந்துக்கிட்டே இருக்கார்'. அரை மணி கழிச்சுப் பண்ணினாலும் அதேதான்.

மிளகு என் கிட்ட வந்தா. மூணாம் வகுப்பு. ஆள் சிறுசு, வாய் காரம், அதனால நான் வச்ச பேர் அது. அன்னைக்கு அந்தக் காரமே இல்ல.

"பெரியம்மா, நான் போறேன். அம்மா வேலைக்குக் கிளம்பணும். தம்பியைப் பாத்துக்க ஆள் இல்ல."

அவ அம்மா ஆபீஸ் கட்டடங்கள்ல ராத்திரி தரை துடைக்கிறவ. இவ போகலைன்னா அவ கிளம்ப முடியாது. இவ சாப்பிடாமப் போனா விடியிற வரைக்கும் பட்டினி. அது எனக்கும் தெரியும், செயலாளருக்கும் தெரியும். நேரா அவர்கிட்டப் போனேன்.

"சார், இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் போட்டு அனுப்பிடுறேன்."

"ஒண்ணுக்குப் போட்டா எல்லாம் கேக்கும்மா. அவிழ்த்த ரிப்பனை மறுபடி கட்டினா நல்லாவா இருக்கும்?"

"ரிப்பன் நல்லா இருக்கணும், பிள்ளை வயிறு எப்படியும் போகட்டுமா?"

"ஒரு வருஷ அரிசிம்மா! உங்க கோபத்தால கெடுத்துடாதீங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? ஆனா அரிசின்னதும் என் வாய் அடைச்சுப் போச்சு. எட்டு மாசமா அரிசிக்காக நான் ஏறி இறங்காத படி இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். "கொஞ்சம் பொறுத்துக்கடி"ன்னு மிளகை உட்கார வச்சேன்.

சும்மா காத்திருந்தாலாவது போகுதுன்னு விட்டிருப்பேன். செயலாளருக்கு ஒரு யோசனை வந்துச்சு. "படம் எடுக்கிறப்போ எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சாப்பிடணும். வாங்க, ஒரு ஒத்திகை பாத்துடலாம். சோறு இருக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டு சாப்பிடுங்க பார்ப்போம்!"

பிள்ளைங்க ஒண்ணையொண்ணு பாத்துக்கிச்சு. ரெண்டு பேர் வெறுங்கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கூச்சத்துல சிரிச்சாங்க. ஒரு பொடிசு விரலைச் சப்பினான். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு சொல்லுவோமே, அங்க கைக்கே எட்டல.

மிளகு மட்டும் அசல் போலப் பண்ணினா. காலித் தட்டுல பிசைஞ்சா, உருட்டினா, வாயில போட்டுக்கிட்டா. கன்னம் உப்ப மென்னு முழுங்கினா. தொண்டை ஏறி இறங்கிச்சு. நடுவுல தண்ணி குடிச்சா. கடைசியா வயித்தைத் தடவிக்கிட்டு, "போதும்பா, வயிறு நிறைஞ்சிடுச்சு"ன்னா.

செயலாளர் கைதட்டினார். "பாருங்க, இவளை மாதிரிப் பண்ணணும்! யாருடா கண்ணு உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"எங்க அம்மா. லீவு நாள்ல இங்க சோறு கிடையாதுல்ல? அன்னைக்கு எனக்கும் தம்பிக்கும் போட்டுட்டு, அம்மா எதிர்ல காலித் தட்டை வச்சுக்கிட்டு இப்படித்தான் சாப்பிடும். இல்லைன்னா நான் சாப்பிட மாட்டேன்னு அதுக்குத் தெரியும்."

தட்டிக்கிட்டிருந்த செயலாளரோட கை பாதியில நின்னுச்சு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் பத்திக்கிச்சு. அடுப்படியில இருந்து காய் வெட்டுற கத்தியோட வந்தேன். அவர் பயந்து சுவரோட ஒட்டிக்கிட்டார். பயப்படட்டும். ரிப்பனை ஒரே இழுப்புல அறுத்து அவர் காலடியில வீசினேன்.

"யோவ், பசிக்கிற பிள்ளையை உட்கார வச்சு சாப்பிடுற மாதிரி நடிக்கச் சொல்றியே, நீயெல்லாம் மனுஷனா? உன் அரிசியும் வேணாம், உன் படமும் வேணாம். கரண்டியை எடுடா தம்பி!"

பரிமாற வந்திருந்த காய்கறிக்கடைத் தம்பி ஏற்கெனவே எடுத்திருந்தான். முதல் கரண்டி மிளகுக்குப் போட்டேன். அப்புறம் எல்லாருக்கும். பிள்ளைங்க தலை நிமிராமத் தின்னுதுங்க.

அப்பத்தான் மிளகோட அம்மா மூச்சு வாங்க வந்து நின்னா. இடுப்புல சின்னவன். மகளைத் தேடி ஓடி வந்திருக்கா.

"எவ்வளவு நேரம்டி? எனக்கு வேலை போயிடும்!"

"அவளைத் திட்டாத, தப்பு எங்க மேல"ன்னு சொல்லி, ஒரு தட்டுல சோத்தைப் போட்டு நீட்டினேன். "நீயும் உட்காரு. சாப்பிட்டுட்டுப் போ."

"இது பிள்ளைங்களுக்கு மட்டும்தாம்மா..."ன்னு செயலாளர் முனகினார். நான் திரும்பிப் பாத்தேன். அடங்கிட்டார்.

அவ தட்டை வாங்கல. சிரிச்சா. "வேணாம்க்கா. இப்பத்தான் வீட்டுல சாப்பிட்டேன். வயிறு நிறைஞ்சிருக்கு."

பொடிசுங்க ரெண்டு மூணு கிளுக்குன்னு சிரிச்சிடுச்சு. அதுங்களுக்கு என்ன தெரியும், சித்த முன்னாடி பாத்த விளையாட்டுன்னு நினைச்சுதுங்க. அவளுக்குப் புரியல. எங்க முகத்தைப் பாத்தா, மக முகத்தைப் பாத்தா. மிளகு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. புரிஞ்சிடுச்சு.

"வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொன்னியாடி?" கையை ஓங்கிட்டா. பாய்ஞ்சு பிடிச்சேன். கையா அது, குச்சி.

"அடிக்கணும்னா என்னை அடி. அந்த ஆளை அடி. எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு அடி. அவளை ஏன் அடிக்கிற? உட்காருடி முதல்ல!" எனக்குக் குரல் உடைஞ்சு போச்சு. கோபத்துலதான். வேற எதுலயும் இல்ல.

சின்னவனை நான் வாங்கிக்கிட்டேன். அவ உட்காந்தா. முதல் வாய் உள்ள போகவே மாட்டேன்னுச்சு. ரெண்டாவது போச்சு. அப்புறம் கை நிக்கல.

வெளிய கார் வந்து நின்னுச்சு. பெரிய மனுஷர் வாசல்ல செருப்பைக் கழட்டுறார், பின்னாலயே கேமராக்காரன். அவன் உள்ள எட்டிப் பாத்தான். பசியில குனிஞ்சு தின்னுக்கிட்டிருக்கிற ஒருத்தியைப் பாத்ததும், "சார், இது நல்லா வரும்"னு கேமராவைத் தூக்கினான்.

அவனுக்கும் அவளுக்கும் நடுவுல போய் நின்னேன். "ஒரு படம் எடுத்தே, கேமரா குழம்புச் சட்டியில கிடக்கும். இந்தப் பொண்ணு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரக் கூடாது"ன்னு சொல்லி, கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

"அம்மா, ஒரு வருஷ அரிசி வெளிய நிக்குது!" செயலாளர் கிட்டத்தட்ட அழுதார்.

"நிக்கட்டும். பிள்ளைங்க காத்துக் கிடக்கலையா?"

கதவைத் தட்டினாங்க. திறக்கல. கொஞ்ச நேரத்துல கார் கிளம்புற சத்தம் கேட்டுது. செயலாளர் தலையில கை வச்சுக்கிட்டு உட்காந்துட்டார். நாளைக்கு அரிசிக்கு எங்க போறதுன்னு எனக்கும் தெரியல. சின்னவன் என் தோள்ல எச்சில் வடிச்சுக்கிட்டிருந்தான்.

பின்னால இருந்து அவ கூப்பிட்டா. ரொம்ப மெல்ல, யாருக்கும் கேட்டுடக் கூடாதுங்கிற மாதிரி.

"அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா?"