வாயைத் திறக்கக் கூடாத ஆராய்ச்சி

மானுடவியல் துறைப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்திரிக்கோல். எந்த அத்தியாயத்தைக் கொடுத்தாலும் பாதியாகத்தான் திரும்பி வரும். அவரிடம் வந்து மாட்டிக்கொண்டவர்களில் கடைக்குட்டி அவள். அவளுடைய அத்தியாயம் பாதியாகக்கூட வரவில்லை, மொத்தமாகக் குப்பைக்குப் போனது.

வெவ்வேறு மொழி பேசுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது ஒருவரை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி என்பதால் அவளுக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. யாராவது திருதிருவென்று முழித்தால் போதும், ஓடிப்போய் மொழிபெயர்த்துவிடுவாள்.

“நீ ஆராய்ச்சி பண்ணப் போனியா, ஊருக்கு உபகாரம் பண்ணப் போனியா? நீயே எல்லாத்தையும் சொல்லிட்டா, அவங்களா எப்படிப் புரிஞ்சுக்கிறாங்கன்னு எங்க போய்ப் பாக்கறது?” என்றார் கத்திரிக்கோல். “கடைசி வாய்ப்பு. மூலையில உக்காந்து பாரு. வாயைத் திறந்தே, துறைப் பக்கமே வராதே.”

துறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவள். “மனுஷங்களைப் பத்திப் படிக்கப் போறியாமே, அப்ப நாங்கள்லாம் யாரு?” என்று கேலி பேசிய அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தூண் ஓரமாக உட்கார்ந்தாள்.

எதிரே, அந்தக் கதவையே பார்த்தபடி ஒரு கொத்தனார். மனைவி உள்ளே கிடந்தாள். தூண் ஓரம் உட்கார்ந்தவளின் அம்மா பேசும் மொழி மட்டும்தான் அவருக்குத் தெரியும். நர்ஸ் கூப்பிடும்போதெல்லாம் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே மருந்துக்கடைக்கு ஓடுவார். பக்கத்து நாற்காலி அம்மாள் கையைக் காலை ஆட்டி வழி சொல்வாள். பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இதற்குத்தானே வந்தாள்.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் கதவைத் திறந்து அவரைப் பார்த்துக் கத்தினாள். “சீக்கிரம் உள்ள வாங்க! நிலைமை சரியில்ல. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க.” உள்ளே மணி அடித்தது. நர்ஸ் திரும்பி ஓடினாள்.

கொத்தனார் சட்டைப்பையிலிருந்த பழைய சீட்டை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். “ஐயோ, அங்க இல்லைங்க!” என்று பக்கத்து அம்மாள் கத்தினாள். அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்து அவர் இன்னும் வேகமாக ஓடினார்.

‘உள்ளே போங்க’ என்று அம்மாவின் மொழியில் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? தூண் ஓரம் இருந்தவள் தொண்டை வரை வந்ததை விழுங்கினாள். நடந்ததை எழுதினாள். ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவளுக்கே குலை நடுங்கியது. எழுந்து ஓடினாள்.

மருந்துக்கடை வரிசையில் நின்றவரின் கையைப் பிடித்து இழுத்தாள். “உள்ள போங்க ஐயா, உங்க வீட்டம்மா உங்களைத் தேடறாங்க!” இருவரும் படியேறி வந்தபோது நர்ஸ் வாசலில் தலைகுனிந்து நின்றிருந்தாள்.

“இப்பதாங்க,” என்றாள் நர்ஸ். அதை மட்டும் அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். அழுது ஓய்ந்த பிறகு அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நம்ம பேச்சு பேசற ஒரு ஆள் கிடைக்காதான்னு மூணு நாளா தவிச்சேன் கண்ணு. நீயாவது வந்தியே, நல்லா இருப்பே. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? இப்பதான் வந்தியாம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளாக அவளைத் தூண் ஓரத்தில் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து நாற்காலி அம்மாள் அருகிலேயே நின்றாள். அந்த அம்மாளுக்கு இவர்கள் பேசும் மொழி தெரியாது.

“ஆமாங்க ஐயா,” என்றாள். “இப்பதான் வந்தேன்.”