மௌனப்படம் வாங்கிய பெட்டி

"அக்கா, இதையும் தூக்கி மாடிப்படிக்குக் கீழ போட்டுடட்டுமா?" என்று தம்பி கேட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கணவரைக் கொண்டுவருவதற்குள் முன்னறையை ஒழித்தாக வேண்டும். சோபா போயாயிற்று. துணி காயப்போடும் கம்பியும் போயாயிற்று. நடுவில் மிச்சமிருந்தது கீபோர்டின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றுதான்.

"வேணாம். சுவரோரமா தள்ளி வை," என்றாள்.

கணவர் கச்சேரியில் வாசிக்கும் கீபோர்டுக்காக முந்தாநாள்தான் வாங்கினார்கள். மூலையில் கீறல் விழுந்திருந்ததால் கடைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுத்தார். முதலில் அவர் காட்டியது கிடாருக்கான ஆம்ப்ளிஃபயர் பெட்டி. சின்னது, பளபளப்பானது, விலையும் கைக்கு அடக்கம். கணவர் இடது கையால் இரண்டு கட்டையை அழுத்திவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இடது கை வாசிக்கற கீழ்ஸ்தாயி வரவே இல்ல பாருங்க. டிரம்ஸ் பக்கத்துல வச்சா காணாமப் போயிடும்." பிறகு இந்தக் கனத்த பெட்டியில் கீபோர்டைச் சொருகி, அவளைத் தெருவாசல் வரை போய் நிற்கச் சொன்னார்.

"இடது கை கேக்குதா?"

"கேக்குதுங்க. போதும், தெருவே திரும்பிப் பாக்குது."

அதைக் கேட்டுக் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. நேற்று, பகல் வேலையாக லிப்ட் பழுதுபார்க்கப் போன கட்டடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வாசலில் வேன் வந்து நின்றது. இசைக்குழு நடத்தும் மாஸ்டர் மாலையோடு ஏறி வந்தார். பின்னால் அவருடைய மச்சான், கிடார்காரன். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம மௌனப்படம் இப்படிப் போயிடுவாருன்னு யாரு நினைச்சா, அண்ணி."

இன்றைக்குமா அந்தப் பட்டப்பெயர் என்று அவளுக்குச் சுருக்கென்றது. குழுவில் கிடாருக்கும் கீபோர்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி. கிடாருக்கு முதல் துளை, கீபோர்டுக்கு இரண்டாவது துளை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டுக்கும் சேர்த்து ஒரே திருகு. அந்தத் திருகு மச்சானின் கைக்கெட்டும் இடத்தில். அவன் கிடாரில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு பெட்டியில் குறைப்பான். கீபோர்டில் கூட்டினாலோ பெட்டி கரகரக்கும். ஒவ்வொரு கச்சேரியிலும் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கணவரின் விரல் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள், கேட்டது எப்போதாவதுதான். வாயை அடைத்துவிட்டு ஊமை என்று பெயரும் வைத்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மாஸ்டர் சுவரோரம் பார்த்தார். "சங்கடமான நேரம்தான் அண்ணி. இன்னைக்குச் சாயங்காலம் ஒரு கல்யாணம். ஒத்துக்கிட்டாச்சு. நம்ம பழைய ஆம்ப் ரிப்பேருக்குப் போயிருக்கு. இதைக் குடுத்தீங்கன்னா, இதுல ரெண்டு துளை இருக்கு. மச்சானும் கீபோர்டுக்குப் புதுசா வர்றவரும் ஆளுக்கொண்ணுல சொருகிக்குவாங்க."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர்களுக்கு, போனவரை வீட்டுக்குக் கொண்டுவரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"புதுசா வர்றவரு எங்க?"

"கீழ வேன்ல இருக்காரு. சாவு வீட்டுக்குள்ள இதுக்காக வர மாட்டேன்னுட்டாரு."

அவள் எழுந்தாள். "டேய் தம்பி, ஒரு கை பிடி." மச்சான் ஓடிவந்து மறுபக்கம் குனிந்தான்.

"நீங்க கை வைக்காதீங்க," என்றாள்.

அவன் மாஸ்டரைப் பார்த்தபடி ஒதுங்கினான். அக்காளும் தம்பியுமாகப் பெட்டியை ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வேனிலிருந்து நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அவசரமாக இறங்கினார். "நான் கேக்கலக்கா. சத்தியமா நான் கேக்கல."

"தெரியுது. இது உங்களுக்கு, இன்னைக்கு மட்டும். நாளைக்கு நீங்களே கொண்டாந்து குடுக்கணும். இதுல கீபோர்டைத் தவிர ஒண்ணும் சொருகக் கூடாது. திருகை வேற ஆள் தொடக் கூடாது. கடைசி வரிசையில உக்காந்திருக்கறவங்களுக்கும் இடது கை கேக்கணும்."

பின்னால் வந்த மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப கிடார எதுல சொருகறது அண்ணி?"

"எதுலயும் வேணாம். சும்மா விரலை ஆட்டட்டும். இத்தனை வருஷமா எங்க வீட்டுக்காரர் ஆட்டலையா?"

மச்சான் வேனின் பின்கதவைத் திறந்துவிட்டான்.

புதியவர் பெட்டியை வேனில் ஏற்றி, கயிறு போட்டுக்கொண்டே தயங்கிக் கேட்டார். "அக்கா, அண்ணன் இதுல சத்தத்தை எவ்வளவு வச்சு வாசிப்பாரு?"

"இதுல அவர் இன்னும் ஒரு கச்சேரிகூட வாசிக்கல," என்றாள்.

தெருமுனையில் ஆஸ்பத்திரி வண்டி திரும்பியது. சந்து குறுகல், வேனைத் தாண்டி வர வழியில்லை. அந்த வண்டி ஒரு தரம் ஹாரன் அடித்தது.

"எடு, எடு, அவரைக் கொண்டாந்துட்டாங்க," என்று மாஸ்டர் டிரைவரை விரட்டினார்.

புதியவர் போட்டுக்கொண்டிருந்த முடிச்சு அவசரத்தில் நழுவியது.

"இருங்க," என்றாள் அவள். "இவர் கட்டட்டும். ஆடாம, நல்லா இறுக்கிக் கட்டட்டும்."

புதியவர் மறுபடியும் முதலிலிருந்து கயிற்றைச் சுற்றினார். பின்னால் நின்ற ஆஸ்பத்திரி வண்டிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்தார்.