உள்பக்கம் போட்ட கோடு

மாமாவோட சட்டையை ரெண்டாவது தடவையா பிடிச்சுத் தைச்ச அன்னைக்குத்தான், சமையலறையில ஒரு சாப்பாட்டு மூலை கட்டியே தீரணும்னு முடிவு பண்ணேன். மாமான்னா என் வீட்டுக்காரரோட அப்பா. நான் தையல்காரி. ஒருத்தர் இளைக்கிறது மத்தவங்க கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி என் டேப்புக்குத் தெரிஞ்சுடும். எட்டு மாசத்துல நாலு இஞ்ச். உள்ள மடிஞ்ச மிச்சத் துணியை வெட்டிடலாம்னு கத்தரிக்கோலை எடுத்தேன். மனசு வரல, வச்சுட்டேன்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். பக்கவாதம் வந்துச்சு. காலும் பேச்சும் தப்பிச்சுது, வலது கை மட்டும் விழுந்துடுச்சு. ஆரம்பத்துல நான்தான் அவருக்கு வலது பக்கம் உக்காந்து ஸ்பூன்ல ஊட்டுவேன். ஒருநாள் காலையில கஞ்சி தவறி சட்டை மேல கொட்டுச்சு. என் பொண்ணு, ஆறு வயசு, நாங்க வாலுன்னுதான் கூப்பிடுவோம், "தாத்தா பாப்பா மாதிரி!"ன்னு சிரிச்சுட்டா. அது குழந்தை, அதுக்கு என்ன தெரியும்? மாமாவும் சேர்ந்து சிரிச்சார். மறுநாள் காலையில, "என் தட்டை ரூமுக்கே கொண்டு வந்துடும்மா, நானே பாத்துக்கறேன்"னார். அன்னையிலிருந்து கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சாப்பாடு. போன தட்டு பாதிக்கு மேல அப்படியே திரும்பி வரும். கேட்டா, "பசிக்கலம்மா."

நாலு பேரோட உக்காந்து சாப்பிட வைங்க, இல்லேன்னா படுத்துடுவார்னு டாக்டர் சொல்லிட்டார்.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்கிட்டு ஓடுவேன். யாரும் கண்டுக்கல. மாமாதான் ஒருநாள் தட்டோட நகர்ந்து இடம் விட்டு, "உக்காரும்மா, பஸ்ஸே நிக்குது, நீ ஏன் ஓடறே?"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கேன். அப்படிப்பட்டவர் கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா சாப்பிட்டா எனக்குத் தொண்டையில இறங்குமா?

எங்க சமையலறையில ஃப்ரிட்ஜுக்கும் பின்கதவுக்கும் நடுவுல ஒரு இடம் உண்டு. உடைஞ்ச பக்கெட்டும் பழைய பேப்பரும்தான் அங்க குடியிருந்துச்சு. அதையெல்லாம் தூக்கி எறிஞ்சுட்டு, தரையில சாக்பீஸால கோடு போட்டேன். சுவரை ஒட்டி மாமாவுக்குத் தனி இருக்கை, அவர் முன்னாடி மேஜை, எதிர்ல எங்களுக்கு பெஞ்சு. பின்கதவுக் காத்து படாம இருக்க, அவருக்கு இடது பக்கம் முழங்கை உயரத்துக்கு ஒரு மறைப்புப் பலகை. வலது பக்கம், ஃப்ரிட்ஜ் ஓரமா, நான் உக்காந்து ஊட்ட ஒரு முக்காலி. மாமாவோட முட்டி உயரமும் முழங்கை உயரமும் வேணுமே! "பேன்ட்டும் சட்டையும் தைக்கப்போறேன் மாமா"ன்னு பொய் சொல்லி அளவெடுத்தேன். எல்லாத்தையும் என் தையல் கடையில பழுப்புத்தாள்ல வரைஞ்சு தச்சர்கிட்டக் கொடுத்தேன்.

தச்சருக்கு நாங்க வச்ச பேரு முக்கால். எப்ப கேட்டாலும் "முக்கால்வாசி முடிஞ்சுதும்மா"ம்பார். பட்டறையிலேயே எல்லாத்தையும் செஞ்சுவச்சு, ஒரு நாள் நான் கடையில ஸ்கூல் யூனிஃபார்மோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தப்போ கொண்டு வந்து மாட்டிட்டார். சாயங்காலம் ஆசையா ஓடி வந்து பாக்கறேன், மறைப்புப் பலகை வலது பக்கம், ஃப்ரிட்ஜை ஒட்டி நிக்குது! இடது பக்கம் பப்பரப்பான்னு பின்கதவைப் பாத்துத் திறந்து கிடக்கு.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில. "என்னண்ணே இது? இடது வலது தெரியாதா உங்களுக்கு? இத்தனை வருஷமா என்னத்தைத் தச்சு வேலை பாத்தீங்க?"

"இல்லம்மா, நீங்க யோசிச்சுத்தான்..."

"நான் யோசிச்சது இருக்கட்டும். நீங்க யோசிச்சீங்களா?"

வீட்டுக்காரர், அவர் ஒரு வாயில்லாப் பூச்சி, மெதுவா நழுவிட்டார். முக்கால் நான் வரைஞ்சு கொடுத்த தாளை மேஜை மேல விரிச்சார். பாத்தேன். பலகை வலது பக்கம்தான் இருக்கு. என் கையால போட்ட கோடு.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. துணியில நாங்க எப்பவும் உள்பக்கம் திருப்பிப் போட்டுத்தான் கோடு போடுவோம். உள்பக்கம் வலதுன்னா வெளிப்பக்கம் இடது. இருபது வருஷப் பழக்கம், கை பாட்டுக்கு மூலையையும் ஜாக்கெட் மாதிரி திருப்பிப் போட்டிருக்கு! தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா வாயால ஒத்துக்க மனசு வருமா? "சரி சரி, மாத்திக் கொடுங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

"நாளைக்கு வேற வேலை இருக்கும்மா. நாளன்னிக்குக் காலையில வர்றேன்"னு சொல்லிட்டுப் போனார்.

அது சரியாகறவரைக்கும் மாமாவைக் கூப்பிடக் கூடாதுன்னு இருந்தேன். ஒரு தடவை வந்து அசௌகரியப்பட்டார்னா அப்புறம் ஜென்மத்துக்கும் வரமாட்டார். ஆனா வாலு சும்மா இருக்குமா? மறுநாள் விடிஞ்சதும் கதவைத் தட்டி, "தாத்தா, உனக்கு டிரைவர் சீட்டு வந்திருக்கு"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டா.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மாமா இருக்கையைச் சுத்திப் பாத்தார், உக்காந்தார். இடது கையால வலது கையைத் தூக்கி அந்தப் பலகை மேல வச்சார். அளவெடுத்து செஞ்ச உயரம், கை அப்படியே அடங்கிடுச்சு. நான் ரொட்டி, முட்டை, கஞ்சி எல்லாம் வச்சுட்டு, பழக்கதோஷத்துல முக்காலியைத் தூக்கிக்கிட்டு வலது பக்கம் போனேன். அங்க பலகை. சரின்னு இடது பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன். போட்டா பின்கதவு திறக்கல, வீட்டுக்காரர் சைக்கிளை எடுக்க முடியாம கதவை இடிக்கறார்.

"வழியை அடைக்காதேம்மா, எதிர்ல போய் உக்காரு"ன்னார் மாமா.

போய் உக்காந்தேன். வேற வழி? மாமா இடது கையில ஸ்பூனை எடுத்தார். அந்தப் பக்கம் இடிக்க ஆள் இல்ல, சுவர் இல்ல. முழங்கை நல்லா அகண்டு போச்சு. முதல் ஸ்பூன்ல கொஞ்சம் சிந்துச்சு. நான் துணியை எடுக்கப் பாத்தேன், எட்டல. ரெண்டாவதுல சிந்தல. வாலு தன் முட்டையில இருக்கற மஞ்சளைத் தனியாப் பிரிக்கற மும்முரத்துல தாத்தாவைப் பாக்கவே இல்ல. நான்தான் தட்டைத் தொடாம பாத்துக்கிட்டே இருந்தேன். கிண்ணம் காலி.

"இன்னொரு ரொட்டி இருக்காம்மா?"

எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வருது, ரொட்டி எங்க வச்சேன்னே தெரியல. பின்னாடி மாமா குரல் மட்டும் கேக்குது. "நீ அந்தப் பக்கம் உக்காந்து ஊட்டறப்போ, இந்தக் கையை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைக்கறதுன்னே தெரியாதும்மா. இப்ப அதுக்கும் ஒரு இடம் போட்டுக் கொடுத்துட்டே. நல்லா இருப்பே."

நான் எங்க போட்டேன்? நான் நினைச்சபடி போட்டிருந்தா, ஆயுசுக்கும் பக்கத்துல உக்காந்து ஊட்டியே அந்த மனுஷனைக் கொன்னிருப்பேன். என் கைத் தப்புக்கு அன்னைக்கு மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாள் சொன்னபடி முக்கால் உளியோட வந்து நின்னார். "தொட்டீங்கன்னா பாருங்க!"ன்னு குறுக்க விழுந்தேன். நடந்ததைச் சொல்லி, அன்னைக்குக் கத்தினதுக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரிச்சார்.

"நான் அன்னைக்கே அதைத்தானேம்மா சொல்ல வந்தேன்? விழுந்த கைக்குச் சாய்மானம், நல்ல கைக்கு வழி. எவ்வளவு யோசிச்சு வரைஞ்சிருக்காங்கன்னு அசந்துட்டேன். முக்கால்வாசி சொல்றதுக்குள்ள நீங்கதான் வாயை அடைச்சுட்டீங்க." காத்து வராம இருக்க பின்கதவு இடுக்குல ஒரு ரப்பர் பட்டை அடிச்சுக் கொடுத்துட்டு, மாமாவுக்கு எதிர் பெஞ்சுல உக்காந்து ரெண்டு ரொட்டி சாப்பிட்டுட்டுத்தான் போனார்.

இது நடந்து அஞ்சு மாசம் ஆச்சு. நேத்து காலையில நான் கடைக்குக் கிளம்பறப்போ மாமா கூப்பிட்டார். "பித்தான் போட முடியலம்மா."

ஒத்தைக் கையால கஷ்டப்படறார் போலன்னு ஓடிப்போய் நான் போட்டுவிடப் பாத்தேன். ரெண்டு கையால இழுத்தாலும் எட்டல. வயித்துக்கிட்ட சட்டை பிடிக்குது! மாமா அசடு வழிஞ்சுக்கிட்டு நிக்கறார். நான் சட்டையைக் கழட்டி வாங்கி, உள்பக்கம் திருப்பி, பிடிச்ச ரெண்டு தையலையும் அங்கேயே நின்னு பிரிச்சேன். வெட்டாம விட்ட துணி நாலு இஞ்சும் அப்படியே உள்ள இருந்துச்சு.