நாற்பது அவுன்ஸ் தண்ணீர்

"எத்தனை பன் போடறது?" என்று ஆர்லிஸ் கேட்டாள்.

எங்கள் சர்ச்சில் யார் இறந்தாலும், ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் சாப்பாடு உண்டு. ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், காபி. இறந்தவர் பெயரைச் சொன்னால் போதும், எத்தனை பேர் வருவார்கள் என்று ஆர்லிஸ் சொல்லிவிடுவாள். முப்பது வருடங்களில் ஒருமுறைகூடப் பன் பற்றாமல் போனதில்லை. அப்போது ஊரில் ஆயிரத்து இருநூறு பேர். எண்ணெய்க் கிணறுகள் வந்த மூன்று வருடங்களில் ஒன்பதாயிரம் ஆகிவிட்டோம். இறந்துபோன டென்னி பிக்கெட்டை அந்தச் சமையலறையில் யாருக்கும் தெரியாது.

"அம்மாக்காரி மட்டும் வர்றாளாம். ஆர்கன்சாஸ்ல இருந்து பஸ்ல, ரெண்டு நாள்," என்றாள் ஆர்லிஸ்.

"கூட வேலை பார்த்தவங்க வர மாட்டாங்களா?" என்றாள் ஜாய்ஸ்.

"ஷிஃப்டை விட்டுட்டு எவன் வருவான்? திரும்பிப் போறதுக்குள்ள கேம்ப்ல அவன் கட்டில்ல இன்னொருத்தன் படுத்திருப்பான்."

"உன் வீட்டுக் கீழ்த்தளத்துல ஆறு பேர் வாடகைக்கு இருக்காங்களே, அவங்களையாவது இழுத்துட்டு வா."

"உன் கார் ஷெட்டுல எட்டுப் பேர். முதல்ல அவனுங்களைக் குளிக்க வெச்சுக் கூட்டிட்டு வா, அப்புறம் எங்கிட்டப் பேசு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஆர்லிஸ், "நாலு டஜன் போடுங்க. அந்தம்மா முன்னாடி மேஜை காலியா இருக்கக் கூடாது," என்றாள்.

நான் பன்களை நடுவில் கீறிக்கொண்டிருந்தேன். எனக்கு டென்னியைத் தெரியும். சொல்லவில்லை.

நான் வேதியியல் படித்தவள். ஊருக்குத் திரும்பியபோது கிடைத்த வேலை, எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் எடுக்கும் முன் செய்யும் போதை மருந்துச் சோதனை. நாளைக்கு எழுபது பேர் வருவார்கள். சிறுநீர் பிடிக்கக் கோப்பையைக் கொடுப்பேன். கழிப்பறைத் தண்ணீரை யாரும் கலந்துவிடக் கூடாது என்று அந்தத் தண்ணீரிலேயே நீலச் சாயம் விட்டு வைப்பேன். கோப்பை திரும்பி வந்ததும் உடம்புச் சூடு இருக்கிறதா என்று பார்த்து, மூடி, கையெழுத்து வாங்குவேன். பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை. அதனால்தான் எனக்குப் பிடித்திருந்தது.

சிலருக்குச் சிறுநீர் வராது. அவர்களுக்கு மூன்று மணி நேரம் அவகாசம். அதற்குள் நாற்பது அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர், தண்ணீர் வரை கொடுக்கலாம். அதுவரை அவர்கள் என் கண் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். டென்னி மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தான்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

"இந்த ஊருக்கு வந்து ஒன்பது நாள் ஆச்சு. என்னை ஒண்ணு வேணுமான்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

அது விதி என்று நான் சொல்லவில்லை.

பிறகு அவனே பேசினான். நீலத் தண்ணீரைப் பார்த்தால் கடற்கரைக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது என்றான். அவன் அம்மா பாத்திரம் கழுவும்போது பாடுவாளாம், ஒரே பாட்டை, அதுவும் பாதி வரைக்கும்தான். மீதி அவளுக்குத் தெரியாதாம். நான் இரண்டு முறை சிரித்தேன். மூன்று மணி நேரம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது எழுந்தான்.

"ஒரு நாலு நாள் கழிச்சு வந்து குடுக்க முடியுமா? கேட்டுப் பார்க்கறேன், அவ்வளவுதான்." நான்கு நாளில் போதை மருந்து உடம்பை விட்டுப் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

"முடியாதுங்க." அவன் முகத்தைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துச் சொன்னேன். அவன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தான்.

மூன்றாம் நாள் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. நிறுவனத்துக்கு அனுப்பினேன். அன்று மாலையே அவன் வேலையும், சோதனை கொடுத்ததும் நிறுவனம் தந்திருந்த கேம்ப் கட்டிலும் போயிருக்கும். விடுதி எதிலும் இடமில்லை. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்திலும் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று வாரம் கழித்து, மளிகைக் கடையின் பின்னால் நிறுத்தியிருந்த காரில் அவனைக் கண்டெடுத்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு டிகிரி. சூட்டுக்காக ஓடவிட்டிருந்த எஞ்சினில் பெட்ரோல் தீர்ந்திருந்தது.

ஆராதனைக்கு ஏழு பேர் வந்தார்கள், எங்களையும் சேர்த்து. சாம்பல் இருந்த பெட்டியை அவன் அம்மா லோரீன் பிக்கெட் மடியிலேயே வைத்திருந்தாள். சிறிய உருவம். மெல்லிய கோட்டு, எங்கள் குளிருக்கு ஆகாதது. கீழ்த்தளத்தில், பன் குவிந்த மேஜை முன்னால் அவளை உட்கார வைத்தோம்.

"இவ்வளவு செஞ்சிருக்கீங்களே," என்றாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "உங்கள்ல யாருக்கு அவனைத் தெரியும்?"

ஜாய்ஸ் எழுந்து அவளுக்குக் காபி ஊற்றினாள்.

"ஒரு பொண்ணைப் பத்திச் சொன்னான், போன்ல. சோதனை எடுக்கிற இடத்துல. அவன்கூட மூணு மணி நேரம் உக்காந்திருந்தாளாம். தண்ணி குடுத்தாளாம். ரொம்ப நல்ல பொண்ணும்மா, ஆனா பேசவே மாட்டேங்கறா அப்படின்னு சொன்னான். அந்தப் பொண்ணு வரலையா?"

ஆர்லிஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். ஜாய்ஸும் பார்த்தாள்.

"நான்தான்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நீலத் தண்ணீரையும் கடற்கரையையும் சொன்னேன். பாதிப் பாட்டைச் சொன்னபோது, "திருட்டுப் பய, அதையுமா சொன்னான்," என்று சிரித்தாள். நான் அவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை.

"கண்ணு, ஒண்ணு கேக்கட்டுமா? இங்க வர்றதுக்கு முன்னாடி அந்தக் கருமத்தை விட்டுட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணினான். சோதனையில பாஸ் பண்ணிட்டேன்னு போன்ல சொன்னான். ஆனா குரல் மெலிஞ்சிருந்தது. சின்னதுல இருந்தே பொய் சொன்னா அவன் குரல் மெலிஞ்சிடும்." பெட்டியின் மூடியைத் தடவினாள். "பாஸ் பண்ணினானா?"

முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"பண்ணினார்," என்றேன்.

என் குரல் மெலிந்தது எனக்கே கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கையை விடவும் இல்லை.

"உனக்கும் பொய் வரல, கண்ணு," என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஒரு பன்னை எடுத்துப் பாதி தின்றாள், மீதியைக் காகிதத்தில் சுற்றினாள்.

"கார் நின்ன இடத்தைக் காட்டறியா?"

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆர்லிஸ் தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். ஒரு பை நிறையப் பன் கட்டிக் கொடுத்தாள். "வழியில சாப்பிடுங்க. வேண்டாம்னு சொல்லாதீங்க, எனக்கு மிச்சமாகறது பிடிக்காது," என்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

மளிகைக் கடையின் பின்னால் குப்பைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் படாத ஓர் இடம். டென்னியின் காரை இழுத்துக்கொண்டு போய் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே இப்போது வேறொரு கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் உள்பக்கம் பனி படிந்திருந்தது.

"வேற இடமா இருக்குமோ?" என்றாள் லோரீன்.

"இதேதான்."

அவள் நின்றாள். பெட்டியை என்னிடம் கொடுத்தாள். இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிறகு போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

உள்ளே ஏதோ அசைந்தது. கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது. தாடி வைத்த ஒருவன், தூக்கக் கண்ணோடு.

"காரை எடுக்கணுமா? இப்ப எடுத்துடறேங்க."

"இல்லப்பா, நீ இரு. எந்த ஊரு?"

"ஐடஹோ."

"வேலை கிடைச்சுதா?"

"நாளைக்குச் சோதனை." எங்கள் கண்ணைப் பார்க்காமல் அவன் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தான். "அது முடிஞ்சா கேம்ப்ல கட்டில் தருவாங்க."

லோரீன் பையை அந்த இடைவெளியில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. அவன் கண்ணாடியை இன்னும் இறக்கி வாங்கிக்கொண்டான்.

"பெட்ரோல் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

அவன் முள்ளைக் குனிந்து பார்த்தான்.

"போதும்மா," என்றான்.

அந்தக் குரல் மெலிகிறதா என்று அவள் காதுகொடுத்து நின்றாள்.