சீட்டின் கடைசி வரி

மோதிரம் கழலவில்லை. அக்கா சோப்பை நனைத்துத் தம்பியின் விரலில் தேய்த்தாள். தம்பி மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் சவரம் செய்துகொண்டே வாஷ்பேசினடியில் சரிந்தவன், இப்போது கூடத்தில் பாய்மேல் கிடந்தான். ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் முள்முள்ளாகவும் இருந்தது.

தெருமுனை டாக்டர் இறப்புச் சான்றிதழ்த் தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கேட்டார். "முன்னாடி ஏதாவது நோய் இருந்துச்சா? பழைய ரிப்போர்ட் பார்க்காம காரணம் எழுத முடியாதும்மா."

"ஒண்ணுமே இல்ல டாக்டர். ஃபேக்டரியில வருஷா வருஷம் பார்க்கறாங்க. அண்ணிதான் அங்க ஃபைலெல்லாம் வெச்சிருக்காங்க." தம்பி மனைவி திரும்பினாள். "அண்ணி, அந்தக் கவரை வாங்கிடலாமா?"

மோதிரம் சட்டென்று அக்காவின் கையோடு வந்துவிட்டது.

"நானே நாளைக்குப் போயி..."

"நாளைக்கா? மத்தியானம் சுடுகாட்டு வண்டி வந்துடுமே." தம்பி மனைவியே எழுந்து போய் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

அந்தக் கவரைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆண்டுப் பரிசோதனை முடிந்ததும் கம்பெனி டாக்டர் இரண்டு தாள் எழுதுவார். முதல் தாள் நிர்வாகத்துக்கு. வேலைக்குத் தகுதியா இல்லையா, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் அதில் இருக்காது. ரத்தம், இதயம், குடி, தூக்கம் எல்லாம் இரண்டாவது தாளில். அது மஞ்சள் கவருக்குள் போய், ஒட்டப்பட்டு, இரும்பு அலமாரிக்குள் போகும். ஃபோர்மேன் படித்துவிடுவார் என்று பயந்தால் எவனும் டாக்டரிடம் உண்மை பேசமாட்டான். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கவரின் வாய்க்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். திறக்கிறவர் தேதியும் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும்; படித்ததும் மறுபடி ஒட்டிவிட வேண்டும். அடுத்தவர் அதற்குக் கீழ் வரியில் போடுவார். முந்தினவர் யாரென்று பார்க்காமல் யாரும் பேனாவை வைக்க முடியாது.

பத்தொன்பது வருடமாக அலமாரிச் சாவி அக்காவிடம். ஆபீசில் அவளுக்குப் 'பூட்டு' என்றே பெயர்.

ஐந்து மாதத்துக்கு முன்பு, பேக்கிங் பிரிவில் இருந்த தம்பியின் முதல் தாளில், 'தகுதி. ஆறு மாதத்தில் மறுபரிசோதனை' என்றிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு வருடம் என்றுதான் இருக்கும். கவரைத் திறக்க அவளுக்கு உரிமை கிடையாது. திறந்தது தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் எடுத்தாள். பழகிய கை தானாகவே பேனாவை எடுத்து, தேதி எழுதி, பெயர் எழுதி, கையெழுத்தும் போட்டது. போட்ட பிறகுதான் போட்டதே உறைத்தது. சீட்டைக் கிழித்தால் கவரும் கிழியும். அப்படி ஒட்டச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

உள்ளே, இதயக் குழாய் சுருங்கியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், வீட்டில் சொல்ல மறுக்கிறார் என்று எழுதியிருந்தது.

அன்று சாயங்காலமே இந்த வீட்டுக்கு வந்தாள்.

"உடம்பு எப்படிடா இருக்கு?"

"எருமைக்கு என்னக்கா கேடு? உன் வேலை கவர் ஒட்டறது. போய் ஒட்டு."

அதற்கு மேல் கேட்டால் உனக்கு எப்படித் தெரியும் என்பான். அவனே சொல்லிவிடுவான் என்று வாரா வாரம் காத்திருந்தாள்.

இப்போது தெருவில் எந்த வண்டி நின்றாலும் எட்டிப் பார்த்தாள். நான்காவது வண்டியில் மேனேஜர் வந்தார். அக்கா வாசலுக்கே ஓடினாள்.

"குடுங்க சார், நான் குடுத்துடறேன்."

"அவர் சம்சாரம் கையிலதான் குடுக்கணும். நீங்க எழுதின விதிதானே மேடம்?" சொல்லிக்கொண்டே கவரைப் பார்த்தவரின் பார்வை சீட்டில் நின்றது. பிறகு அவள் முகத்துக்கு வந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

தம்பி மனைவி பேனாவை வாங்கிக் குனிந்தாள். பேனா சீட்டைத் தொடவில்லை.

"பதினாலாந்தேதி," என்றாள் மெதுவாக. "அன்னைக்கு நீங்க இங்கதானே இருந்தீங்க அண்ணி? உட்கார்ந்து டீ குடிச்சீங்க. அப்பத்தான் அவர் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிட்டு வந்தார்."

அக்கா மோதிரத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

தம்பி மனைவி கீழ் வரியில் கையெழுத்துப் போட்டுக் கவரை டாக்டரிடம் நீட்டினாள். அவர் பிரித்துப் படித்தார், தலையை அசைத்துக்கொண்டார், எழுதத் தொடங்கினார்.

அக்கா தம்பியின் தலைமாட்டில், பெண்களோடு பெண்ணாக உட்காரப் போனாள். தம்பி மனைவி அவளைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

"ஆபீஸ்காரங்க எவ்வளவு நேரந்தான் கீழ உட்காருவாங்க? ஒரு நாற்காலி போடுங்க."

பக்கத்து வீட்டுக்காரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்து, கதவோரம் மேனேஜருக்குப் பக்கத்தில் போட்டாள்.